காலை எட்டரை மணிக்கு இராப்போஜனம்: கிறிஸ்தவத் திருவிருந்தின் யூத வேர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி ஆராதனை. சர்ச் வாசலில் இருக்கிற கரும்பலகையில் "இன்று பரிசுத்த இராப்போஜனம்" என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும், உள்ளே ராத்திரிச் சாப்பாடு! சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. அப்புறம்தான் இதற்கு இன்னும் பல பெயர்கள் உண்டு என்று தெரிந்தது. கத்தோலிக்கர்கள் நற்கருணை என்பார்கள். மற்ற சபைகளில் திருவிருந்து, கர்த்தருடைய பந்தி, அப்பம் பிட்குதல் என்று ஆளுக்கொரு பெயர். ஆனால் இந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான துப்பு அந்தப் பழைய 'இரா' என்ற எழுத்துகளில்தான் இருக்கிறது.

கி.பி. 30 அல்லது 33ஆம் ஆண்டு வாக்கில், எருசலேமில் ஒரு மாடியறையில், இயேசு தன் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்டார். அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு, கொடுத்து, "இது என் உடல்" என்றார். கிண்ணத்தை எடுத்து, இது உடன்படிக்கையின் ரத்தம் என்றார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் யூதர்கள் என்பதுதான் பல நேரம் மறந்துபோகிறது. கிறிஸ்தவம் என்றொரு தனி மதம் அப்போது கிடையாது. அவர் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றும் அவர்கள் காதில் யூத எதிரொலியோடுதான் விழுந்திருக்கும்.

முதலில் சாதாரண நாள் சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம், பண்டிகைக்கு அப்புறம் வரலாம்.

தமிழில் நாம் 'அப்பம்' என்று படிப்பதால் பலருக்கு ஆப்பச்சட்டி ஞாபகம் வரும். அது அப்படி இருக்காது. கையால் கிழிக்கக்கூடிய, வட்டமான, தட்டையான ரொட்டி. வசதி உள்ளவர் வீட்டில் கோதுமை, ஏழைகள் வீட்டில் வாற்கோதுமை. யோவான் சுவிசேஷத்தில், இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த கதையில், ஒரு சிறுவன் கொண்டுவந்த ஐந்தும் வாற்கோதுமை அப்பங்கள்தான். யூதக் குடும்பத்தில் சாப்பாடு தொடங்க வேண்டுமானால் ஒருவர் ரொட்டியைக் கையில் எடுத்து ஒரு சிறிய வாழ்த்தைச் சொல்ல வேண்டும். "பாரூக் அத்தா அதோனாய்" என்று தொடங்கும் அதன் பொருள் ஏறக்குறைய இதுதான்: எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, அண்டத்தின் அரசரே, நிலத்திலிருந்து உணவை விளைவிப்பவரே, உமக்குப் புகழ். திராட்சரசத்துக்கு முன் சொல்வதில் கடைசி வரி மட்டும் மாறும்: திராட்சைக்கொடியின் கனியைப் படைத்தவரே. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் இவை இரண்டும் இருக்கின்றன. இன்றும் யூத வீடுகளில் அதே சொற்கள்தான். இயேசு அன்று இரவு திராட்சரசத்தைப் பெயர் சொல்லாமல் "திராட்சைக்கொடியின் கனி" என்று குறிப்பிட்டதாகச் சுவிசேஷ ஆசிரியர் மாற்கு எழுதுகிறார். அந்த வாழ்த்தின் வாசனை அதில் அடிக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த வாழ்த்து யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? கடவுளைப் பார்த்து. ரொட்டியைப் புனிதமாக்கும் மந்திரம் அல்ல அது. ரொட்டி தந்தவருக்கு நன்றி. சுவிசேஷங்கள் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் நன்றி சொல்வதற்கு 'எவுகாரிஸ்தியா' என்று பெயர். நற்கருணைக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர் இதிலிருந்து வந்ததுதான். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பத்தை உயர்த்திப் பிடித்து, இது நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன் என்று குருவானவர் கடவுளைப் போற்றுவாரே, அது இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற 1960களின் கத்தோலிக்க ஆயர் மாநாட்டுக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில், யூத மேசை வாழ்த்தின் சாயலிலேயே அமைக்கப்பட்டது.

சாப்பாடு முடிந்ததும் இன்னொரு நீண்ட நன்றி. சாப்பிட்டுத் திருப்தியானதும் ஆண்டவரைப் போற்ற வேண்டும் என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் கட்டளை இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டிருந்தால் அவரவர் பாட்டுக்கு எழுந்து போய்விட முடியாது. ஒருவர் மற்றவர்களை "நன்றி சொல்வோம்" என்று முறைப்படி அழைக்க வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். பூசைக்குப் போகிறவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல இருக்கும். "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குருவானவர் சொல்ல, "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று மக்கள் சொல்வார்கள் அல்லவா?

விருந்து நாட்களில் இந்தக் கடைசி நன்றியை ஒரு கிண்ணம் திராட்சரசத்தின்மேல் சொல்வார்கள். அதற்கு 'ஆசீர்வாதத்தின் கிண்ணம்' என்று பெயர். ஆதி சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதும்போது "நாம் ஆசீர்வதிக்கிற ஆசீர்வாதத்தின் பாத்திரம்" என்கிறார். அவர் புதிதாக உருவாக்கிய சொல் அல்ல அது, யூத வீட்டுப் பேச்சு. இயேசு கிண்ணத்தை எடுத்தது "போஜனம்பண்ணினபின்பு" என்றும் பவுல் சொல்கிறார். அப்பம் சாப்பாட்டின் தொடக்கத்தில், கிண்ணம் முடிவில், நடுவில் வயிறார ஒரு முழுச் சாப்பாடு. இன்று இரண்டு நிமிட இடைவெளியில் வருகிற இரண்டும் அன்று இரண்டு மணி நேர இடைவெளியில்கூட வந்திருக்கலாம். கொரிந்துவில் கி.பி. 54 வாக்கிலும் இது முழுச் சாப்பாடாகத்தான் இருந்தது. அதனால்தான் ஒருவன் பசியாய் இருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான் என்று பவுலால் சண்டை போட முடிந்தது. ஒரு துளி ரசத்தில் யாருக்கும் போதை ஏறாது.

சரி, இதெல்லாம் எந்த நாளும் நடப்பது. அந்த ஒரு இரவுக்கு என்ன சிறப்பு?

பஸ்கா. கத்தோலிக்கத் தமிழில் பாஸ்கா. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலையாகிப் புறப்பட்ட இரவின் பண்டிகை. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் செய்முறையே இருக்கிறது: பழுதில்லாத ஒரு வயது ஆண் ஆட்டுக்குட்டி, அதன் ரத்தம் நிலைக்கால்களில் பூசப்பட வேண்டும், இறைச்சியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் அன்று ராத்திரியே சாப்பிட வேண்டும், ஒரு எலும்பையும் முறிக்கக் கூடாது. ஒரு வீட்டில் முழு ஆட்டைச் சாப்பிட ஆள் போதாவிட்டால், பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் நம் கரும்பலகையின் 'இரா'. பஸ்கா உணவு இரவில்தான் உண்ணப்பட வேண்டும்.

இயேசுவின் காலத்தில் இதை அவரவர் ஊரில் செய்ய முடியாது. ஆட்டை எருசலேம் ஆலயத்தில்தான் பலியிட வேண்டும். அந்தப் பிற்பகல் எப்படி இருந்தது என்று மிஷ்னா காட்டுகிற காட்சியைப் படித்தால் கண்முன் விரியும். கூட்டம் மூன்று அணிகளாக உள்ளே விடப்படும். ஆட்டைக் கொண்டுவந்தவரே அறுப்பார். ஆசாரியர்கள் வெள்ளிக் கிண்ணங்களோடு ஒரு வரிசை, பொன் கிண்ணங்களோடு ஒரு வரிசை என நிற்பார்கள். ரத்தத்தைப் பிடித்த கிண்ணம் கைமாறிக் கைமாறிப் பலிபீடம்வரை போகும், காலிக் கிண்ணம் அதே வழியில் திரும்பி வரும். அந்தக் கிண்ணங்களுக்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. கீழே வைத்துவிட்டால் ரத்தம் உறைந்துவிடும், ஆகவே வைக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள்! ஆட்டைத் தொங்கவிட்டுத் தோலுரிக்கக் கொக்கி கிடைக்காதவர்களுக்கு மெல்லிய கம்புகள் இருக்கும். ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குக் கம்பைக் குறுக்கே வைத்து, அதில் தொங்கவிட்டு உரிப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் லேவியர்கள் என்ற ஆலயப் பணியாளர்கள் சங்கீதம் 113 முதல் 118 வரை பாடிக்கொண்டே இருப்பார்கள். 'அல்லேல்' என்று அந்தப் பாடல் தொகுதிக்குப் பெயர். கூட்டத்தின் அளவைப் பற்றி, ஒரே பஸ்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் பலியாகின என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதுகிறார். எண்ணிக்கையில் அவர் கை தாராளம். ஆனால் ஒரு ஆட்டுக்குக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழு என்று அவர் சொல்வது பயனுள்ள தகவல். இயேசுவும் பன்னிருவரும் அப்படிப்பட்ட ஒரு குழு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகவே வருகிறது.

பிறகு ஆட்டை மாதுளை மரக் கம்பில் கோத்து முழுசாகச் சுடுவார்கள். ஊருக்குள் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே கூடிச் சாப்பிடுவார்கள். இயேசு ஊருக்குள் ஆளனுப்பி மாடியறை பிடித்த கதை இந்தப் பின்னணியில் ரொம்ப இயல்பானது. சாப்பாட்டுக்குப் பிறகு "அவர்கள் பாட்டுப் பாடினபின்பு" ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மாற்கு சொல்கிறாரே, அந்தப் பாட்டு அல்லேலின் பிற்பகுதியாக இருந்திருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லானது என்ற வரியும், நாம் 'ஓசன்னா' என்று பாடுவதன் மூலச்சொல்லும் அதில்தான் வருகின்றன.

பஸ்கா விருந்தில் உணவு வாய் திறந்து பேச வேண்டும். அதாவது, பிள்ளை கேள்வி கேட்கும்: மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது? தகப்பன் ஒவ்வொரு உணவையும் காட்டி விளக்குவார். பஸ்கா ஆடு, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை இந்த மூன்றையும் பற்றிப் பேசாதவர் தன் கடமையைச் செய்யவில்லை என்று ரபி கமாலியேல் சொன்னதாக மிஷ்னாவில் இருக்கிறது. உபாகமத்தில் புளிப்பில்லா அப்பத்துக்கு 'சிறுமையின் அப்பம்' என்றே பெயர். ஆகவே அந்த மேசையில் ஒருவர் அப்பத்தை எடுத்து "இது இன்னது" என்று சொல்வது சீடர்களுக்குப் புதிதல்ல. அந்த 'இன்னது' என்ற இடத்தில் அவர் தன் உடலை வைத்ததுதான் அவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும்.

என்னை நினைவுகூர்ந்து இதைச் செய்யுங்கள் என்றும் இயேசு அன்று சொன்னதாக லூக்காவும் பவுலும் எழுதுகிறார்கள். அந்த 'நினைவுகூருங்கள்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நினைவு என்றதும் நமக்குச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் ஞாபகம் வரும்: போனவர் போய்விட்டார், நாம் நினைக்கிறோம். எபிரெயத்தில் 'ஸிக்காரோன்' என்ற சொல் அதைவிடக் கனமானது. யாத்திராகமம் 12இல் பஸ்கா நாளைக் குறிக்கும் சொல் அதுதான். தலைமுறைதோறும் ஒவ்வொருவரும் எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்கிறது மிஷ்னா. தாத்தா புறப்பட்டார் என்றில்லை, நான் புறப்பட்டேன். கிறிஸ்தவ சபைகள், அப்பத்தில் இயேசு மெய்யாகவே இருக்கிறாரா, இது வெறும் அடையாளமா என்று பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கின்றன. அந்த மாடியறையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே பாதி புரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

ரத்தம்தான் சிக்கல்

நம் ஊரில் ஆட்டு ரத்தப் பொரியலுக்குக் காலையிலேயே கறிக்கடையில் சொல்லி வைப்பவர்கள் உண்டு. யூத வீட்டில் அது நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது. உயிர் ரத்தத்தில் இருக்கிறது, ஆகவே ரத்தம் கடவுளுடையது, மனிதன் உண்ணக் கூடாது என்பது லேவியராகமம் 17. இன்றும் யூத முறைச் சமையலில் இறைச்சியை உப்பிட்டு வைத்து, இருக்கிற ரத்தத்தையும் வடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஒரு கிண்ணத்தைக் காட்டி "இது என் ரத்தம், குடியுங்கள்" என்றால்? யோவான் 6ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் இதேபோன்ற பேச்சைக் கேட்ட சீடர்கள் இது கடினமான உபதேசம் என்று சொல்லிப் பலர் விலகிப் போனார்கள். யூத வேர்களைத் தேடுகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒற்றுமைகளை மட்டும் அடுக்குகின்றன. ஆனால் இந்த இடத்தில் ஒற்றுமை இல்லை, உடைப்பு இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அப்போஸ்தலர் நடபடிகள் 15இல் யூதரல்லாத புது விசுவாசிகளுக்கும் ரத்தத்துக்கு விலகியிருங்கள் என்றுதான் எழுதி அனுப்புகிறார்கள். கிண்ணத்தில் இருப்பது அவர்களுக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்கு சீனாய் மலையிலிருந்து வருகிறது. யாத்திராகமம் 24இல் மோசே பலிகளின் ரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும் மறுபாதியை மக்கள்மேலும் தெளித்து, "இது உடன்படிக்கையின் இரத்தம்" என்கிறார். உடனே மூப்பர்கள் எழுபது பேர் மலையேறி, கடவுளைக் கண்டு, "புசித்துக் குடித்தார்கள்". ரத்தம், உடன்படிக்கை, சாப்பாடு மூன்றும் ஒரே அதிகாரத்தில். இயேசு கிண்ணத்தின்மேல் சொன்ன சொற்கள் மாற்குவிலும் மத்தேயுவிலும் இதன் நேரடி எதிரொலி. லூக்காவும் பவுலும் 'புதிய உடன்படிக்கை' என்கிறார்கள். அது எரேமியா 31இல் வரும் வாக்குறுதி.

இனி ஒரு எச்சரிக்கை. அது உண்மையிலேயே பஸ்கா விருந்துதானா? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆமாம் என்கிறார்கள். யோவான் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அந்த விருந்துக்கு மறுநாள்தான் பஸ்காவுக்கு ஆயத்தநாள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பஸ்கா சாப்பிட முடியாமல் தீட்டுப்பட்டுவிடுவோம் என்று பயந்து ரோம ஆளுநர் பிலாத்துவின் அரண்மனைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறார்கள். அப்படியானால் ஆலயத்தில் ஆடுகள் அறுக்கப்படும் அதே நாளில் இயேசு சிலுவையில் இறக்கிறார். அவருடைய எலும்பு ஒன்றும் முறிக்கப்படவில்லை என்று யோவான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். 1957இல் ஆனி ஜோபேர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அன்று யூதர்களிடையே இரண்டு நாட்காட்டிகள் இருந்தன, இயேசு பழைய சூரிய நாட்காட்டிப்படி செவ்வாய் இரவே பஸ்கா உண்டார் என்று ஒரு வழி சொன்னார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், ஆனால் அதிகம் பேர் ஏற்கவில்லை. எனக்கு யோவானின் கணக்கில்தான் நம்பிக்கை சற்றுக் கூடுதல். பண்டிகை நாளில் விசாரணையும் மரண தண்டனையும் நடந்தன என்பதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். எப்படியானாலும், ஊரெல்லாம் பஸ்கா ஆடுகளின் சத்தத்தில் இருந்த வாரம் அது. அந்த வாரத்தில் பேசப்பட்ட பேச்சுக்கு பஸ்கா வாசனை இல்லாமல் போகாது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. இன்றைய யூத வீடுகளில் பஸ்கா இரவு நடக்கும் 'செடெர்' விருந்தைப் பார்த்துவிட்டு, இயேசு செய்ததும் அப்படியே என்று சில சபைகளில் நடித்துக்காட்டுகிறார்கள். அப்பத்தில் பாதியை உடைத்து ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வது அழகான வழக்கம், ஆனால் அது பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தையது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தபின், பலியிட இடமில்லாமல் போய், ஆட்டுக்குட்டி மேசையிலிருந்து மறைந்தது. அந்த வெறுமையைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய செடெர். திருவிருந்தும் அதே காலத்தில் வளர்ந்ததுதான். இரண்டையும் தாய், மகள் என்பதைவிட ஒரே வீட்டில் பிறந்த அக்கா, தங்கை என்று சொல்வது பொருந்தும்.

மற்ற இழைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆலயத்தில் 'ஸ்தோத்திர பலி' என்று ஒன்று இருந்தது. ஆபத்திலிருந்து தப்பியவர் அப்பங்களோடு படைத்து, அன்றைக்கே உற்றாரோடு உண்டு தீர்க்க வேண்டிய பலி. ஆலயத்தில் கடவுள்முன் வைக்கப்பட்டு, ஓய்வுநாள்தோறும் மாற்றிவைக்கப்படும் பன்னிரண்டு சமுகத்தப்பங்கள் இருந்தன. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து பெய்த மன்னா என்ற உணவு இருந்தது. சாக்கடலருகே 1947 முதல் கிடைத்த சுருள்களில் ஒரு யூதச் சமூகத்தின் சாப்பாட்டு விதிகள் இருக்கின்றன. மேசை ஆயத்தமானதும் ஆசாரியர்தான் முதலில் கை நீட்டி அப்பத்தையும் புதுத் திராட்சரசத்தையும் ஆசீர்வதிக்க வேண்டும். யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியாவே வந்து பந்தியில் உட்கார்ந்தாலும் ஆசாரியருக்குப் பிறகுதான் அவர் கை நீட்டலாம்! இவர்களிடமிருந்துதான் இயேசு எடுத்தார் என்பதற்குச் சான்று இல்லை. அப்பமும் ரசமும் மேசியாவும் ஒரே பந்தியில் என்ற எண்ணம் அன்று காற்றில் இருந்தது என்பதற்கு மட்டும் இது சான்று.

யூத மேசை கிறிஸ்தவ மேசையாக மாறும் கணத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் 'திதாக்கே' என்ற சின்ன நூலைப் படிக்க வேண்டும். முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று பலரும் கருதும் சபை வழிகாட்டி. தொலைந்துபோனதாக நினைத்த இதன் கிரேக்கப் பிரதி, 1056இல் எழுதப்பட்டது, 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு நூலகத்தில் கிடைத்தது. அதில் வரும் நற்கருணை மன்றாட்டில் முதலில் கிண்ணம், பிறகு அப்பம். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை யூத வீட்டில் இன்றும் இருக்கும் வரிசை அது. "உம்முடைய ஊழியனாகிய தாவீதின் பரிசுத்த திராட்சைக்கொடிக்காக" நன்றி சொல்கிறார்கள். மலைகளில் சிதறிக்கிடந்து பின் ஒன்றான இந்த அப்பம்போல உம் சபையும் ஒன்றுசேரட்டும் என்கிறார்கள். சாப்பிட்டுத் திருப்தியான பின் நீண்ட நன்றி. "இது என் உடல்" என்ற சொற்கள் அந்த மன்றாட்டில் எங்குமே இல்லை. யூதச் சாப்பாட்டு வாழ்த்தில் இயேசுவின் பெயரைச் சேர்த்தால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

பிறகு பிரிவுதான். முழுச் சாப்பாடு போய் ஒரு துண்டும் ஒரு மிடறும் மிஞ்சின, இரவு போய்க் காலை வந்தது. கிழக்குச் சபைகள் புளித்த அப்பத்தையும் மேற்கு சபை புளிப்பில்லா அப்பத்தையும் பிடித்துக்கொண்டு, 1054 வாக்கில் அதையே ஒரு பெரிய சண்டையாக்கின. நாக்கில் வைத்தால் கரைகிற வெள்ளை ஓஸ்தி அந்தப் புளிப்பில்லா மரபின் மிச்சம். யூதர்களோடு ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாடிய ஆசியா மைனர் சபைகளின் வழக்கம் ஓரங்கட்டப்பட்டது.

ஆனால் வீட்டு மேசையில் ஒரு இழை அறுபடாமல் இருக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் இரவில் வீட்டில் 'பெசஹா அப்பம்' செய்கிறார்கள். பெசஹா என்பது பஸ்காவின் பெயர்தான், சிரியாக் மொழி வழியாக வந்தது. அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்கவைக்காமல் அவித்தது. மேலே குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைக் கிழித்து ஒரு சிலுவை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பால். பிரார்த்தனை முடிந்ததும் குடும்பத் தலைவர் அறுத்து, பெரியவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அந்த வருடம் சாவு நேர்ந்த வீட்டில் பெசஹா அப்பம் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கான பங்கு பக்கத்து வீட்டிலிருந்து வரும்.